பத்தொன்பதாம் நம்பர்

தலையைப் பிடித்து ஒரு திருகு, ஓட்டைக் கழற்று, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்துப் போடு, அடுத்தது. மனுஷர்களையும் இப்படி உரித்துப் பார்க்க முடிந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் முதுகில் இதே கறுப்பு நரம்புதான் இருக்கும், மெட்டில்டா முதுகில் ரெண்டு இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே கிறங்கிக் கிடக்கிறது. ஃபேன் சத்தம், பாத்ரூமில் என் மகள் பிரிசி தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம், அவ்வளவுதான். நான் அடுக்களையில் பலகை போட்டு உட்கார்ந்து இறால் உரிக்கிறேன். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லை, முடிக்கக் கூடாது, கை நாறட்டும், இந்தக் கையால்தான் அவள் நெற்றியைத் தொடுவேன். அக்சிலியா. மெட்டில்டா பெற்றது, என் ஞானப்பிள்ளை. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் அவளை ஏந்திக்கொண்டு நின்றவள் நான், சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்க, அவளுக்குப் பதிலாக விட்டுவிடுகிறேன் என்று சொன்னது இந்த வாய். நான் விட்டுவிட்டேன், அவள் விடவில்லை போலிருக்கிறது. ஊருக்குப் போகிற பிள்ளை ஞானத்தாயிடம் வந்து நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏற வேண்டும், தூத்துக்குடியில் எங்கள் ஆட்களிடம் அது மாறாது, திருச்செந்தூர் போனால்கூட வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இவள் போவது சென்னை, அங்கிருந்து விமானத்தில் கோவா, கோவாவில் இந்திய அணி முகாம், அங்கிருந்து ஏதோ ஒரு வெளிநாடு, பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான கால்பந்துப் போட்டி. இந்தியாவின் கோல் கீப்பர். தொலைக்காட்சியில் தேசிய கீதம் பாடும்போது கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து வருமே, அந்த வரிசையில் இவள் முகமும் வரும், என் பிரிசி நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு வரும். திருகு. இதோ தலை வந்துவிட்டது.

அணித் தேர்வுக்கு மதுரைக்கு ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனது யார், நான். மெட்டில்டாவுக்கு அன்றைக்கு முட்டுவலி, அவள் முட்டு எப்போது வலிக்கும் என்பது அவள் முட்டுக்குத்தான் தெரியும். பஸ்ஸில் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வாந்திக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, தலை பின்னிவிட்டு, ஒரே டப்பாவில் சாப்பாடு. ரெண்டு பேரும் கீப்பர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோச், ஒருத்தி ஷூ கடித்தால் இன்னொருத்தி கொப்புளம் உடைப்பாள். தென் மாநிலங்களுக்கே கீப்பருக்கு ஒரே ஒரு இடம்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கல்லூரி மைதானம், புல் என்று பெயருக்கு இருந்தது, மற்றபடி செம்மண். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்கிற நம்பர் துணி கொடுத்தார்கள். அங்கே பெயர் கிடையாது, ஊர் கிடையாது, நம்பர்தான். பிரிசிக்கு இருபத்தேழு, அக்சிலியாவுக்குப் பத்தொன்பது. காலையில் ஓட விட்டார்கள், குதிக்க விட்டார்கள், அதையெல்லாம் பார்த்தது உதவியாளர்கள்தான். டெல்லியிலிருந்து வர வேண்டிய தேர்வாளர்களின் விமானம் தாமதம். மத்தியானம் வேர்த்து ஊறின நம்பர் துணிகளையெல்லாம் கழற்றி வாங்கிக் கோல் வலையின் மேல் காயப்போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் உதவியாளன் ஒருத்தன் விசில் அடித்தான், தேர்வாளர்கள் வந்துவிட்டார்கள், மாட்டுங்கள், மாட்டுங்கள், மேட்ச், உடனே. பிள்ளைகள் வலையைப் பார்த்து ஓடினார்கள், தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு ஓடுவோமே அப்படி. அக்சிலியா கொஞ்சம் தடி, பத்தொன்பது அவளுக்குக் கழுத்தை இறுக்கியிருக்கிறது, காலையெல்லாம் அதைத்தான் முனகிக்கொண்டிருந்தாள். பிரிசி தன் இருபத்தேழை எடுத்து, இந்தாடி, இது தொளதொளன்னு இருக்கு, நீ போட்டுக்கோ என்று கொடுத்துவிட்டு, அந்தப் பத்தொன்பதைத் தான் மாட்டிக்கொண்டாளாம். கொடுத்தது என் பிள்ளை. எனக்கு அதுவும் ஆத்திரம்தான். வயிற்றுக்குள் இருக்கும்போது நான் என்ன தின்றேனோ, இப்படி ஒரு கொடுக்கிற பிள்ளை. நான் வேலியோரம் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன், நம்பர் எனக்குத் தெரியாது, ஆனால் பாய்கிற பாய்ச்சல் தெரியும், அந்த உடம்பை எனக்குத் தெரியாதா. வலது பக்க மூலைக்கு வந்த பந்துக்குப் பிரிசி கிடைமட்டமாகப் பறந்தாள், விரல் நுனியால் தட்டினாள், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது, பெனால்ட்டியையும் பிடித்தாள், தடித்த கண்ணாடி போட்ட ஒரு தேர்வாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதைப் பார்த்தேன். அக்சிலியா மூன்று கோல் விட்டாள், ஒன்று காலிடுக்கில். சாயங்காலம் எல்லாரும் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது வாசித்தார்கள். கீப்பர், பத்தொன்பது, அக்சிலியா மிராண்டா. நான் அந்த நேரம் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று வாசலில் ஆட்டோக்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் அங்கேயே, அந்த மைக்கைப் பிடுங்கி. என்ன செய்திருப்பேன், ஒன்றும் செய்திருக்க மாட்டேன், எனக்குத்தான் அப்போது எதுவும் தெரியாதே. அக்சிலியா பிரிசியை ஒரு பார்வை பார்த்தாளாம், பிறகு எழுந்து நின்றாளாம். பிரிசி கைதட்டினாளாம். முதலில் தட்டியது அவள்தானாம்.

ஒரு வாரத்துக்கு அப்புறம்தான் வந்தது விஷயம். நான்தான் வரவழைத்தேன், என் வாய் வரவழைத்தது. துணி மடிக்கச் சொன்னால் மடிக்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள், பார்த்தாயா, அவளுக்குச் சுறுசுறுப்பு இருந்தது, எழுந்து நின்றாள், நீ இப்படிப் படுத்தே கிட, உன்னை எந்த டீமில் சேர்ப்பார்கள், தலைகாணி டீமிலா என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை. சுவரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள், பத்தொன்பது நான்தாம்மா. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள், சொல்லிவிட்டு, நீ யார்கிட்டயும் போகக்கூடாது, மாதா மேல சத்தியம் என்றாள். நான் சத்தியம் செய்தேன், செய்துவிட்டு மறுநாள் காலை வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் போனை எடுத்தேன், மாதாவும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே, அவளுக்குத் தெரியும். மாவட்ட சங்கத்தில் ஒருத்தர் நம்பர் கொடுத்தார், அவர் இன்னொருத்தர், அவர் இன்னொருத்தர், கடைசியில் டெல்லிப் பக்கம் ஒரு தமிழ் பேசுகிற ஆள். மரியாதையான குரல், பல்லுக்கு நடுவே பாக்கு. நான் கான்வென்ட் இங்கிலீஷில் ஆரம்பித்தேன், அவர் தமிழில் முடித்தார். "அம்மா, நம்பர்தான் எங்களுக்கு ஆள்" என்றார். எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள், தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் சொல்வதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிறகு, போனை வைத்துவிடுவார் என்று நினைத்த நேரத்தில், அந்தப் பிள்ளையே முகாமுக்கு வந்து, மத்தியானம் ஆடினது நான் இல்லை என்று சொன்னால் அது வேறு, அப்போது ரெண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்திப் பார்ப்போம், அதற்கு எங்களிடம் வழி இருக்கிறது என்றார். அந்தப் பிள்ளையே. அன்றிலிருந்து இந்த ரெண்டு வார்த்தை என் மண்டைக்குள் மாவரைக்கிறது. அந்தப் பிள்ளை சொல்லுமா. எழுந்து நின்ற பிள்ளை சொல்லுமா. மடியில் உட்கார்த்திக் காது குத்தும்போது வாயைத் திறந்து ஊரைக் கூட்டினது, இப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து அவள் என்னைப் பார்க்காமல் மாதா சிலை வைத்த கெபிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்ப்பேன். போ, எவ்வளவு சுற்றினாலும் ஒருநாள் சிலுவைக்கு வந்தாக வேண்டும், அன்றைக்கு இருக்கிறது உனக்கு. இறால் ஓடு நகக்கண்ணில் ஏறிவிட்டது, எரிகிறது, எரியட்டும்.

மெட்டில்டாவை எனக்கு ஃபோர்த் ஸ்டாண்டர்டிலிருந்து தெரியும், ஒரே பெஞ்சு. தையல் வகுப்பில் நான் போட்ட சங்கிலித் தையல் கைக்குட்டையைச் சிஸ்டர் தூக்கிக் காட்டி யாருடையது என்று கேட்டபோது, நான் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில் எழுந்து நின்றவள் அவள். தாய் எழுந்து நின்றாள், மகளும் எழுந்து நிற்கிறாள், ரத்தத்திலேயே அந்த ஸ்பிரிங் இருக்கிறது. அப்போதும் நான் சொல்லவில்லை, மாரல் சயின்ஸில் மன்னிப்பு என்று ஒரு பாடம், அதை ஒப்பித்து மார்க்கும் வாங்கினேன். அப்புறம் அவளே வந்து கையைப் பிடித்து, என் பிள்ளைக்கு நீதான் ஞானத்தாய் என்றாள், குளிர்ந்துவிட்டேன், முட்டாள். இப்போது தெருமுனையில் ஃப்ளெக்ஸ், கையுறை போட்டுக்கொண்டு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அக்சிலியா, கீழே வாழ்த்துகிற தலைகள் வரிசையாக, அதில் ஒரு தலை பல்டாக்டர், அவருக்கும் பந்துக்கும் என்ன. பங்குச்சாமி பிரசங்கத்தில் நம் கடற்கரை மண்ணின் மகள் என்றார், மெட்டில்டா முன்வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாழ்மையாக இருந்தாள், அவள் தாழ்மை அடுத்த தெருவரைக்கும் தெரியும். வெளியே வந்து என்னிடம் அவள் சொன்னது, உன் பிள்ளையும் நல்லாத்தான் ஆடினாளாம், அக்சி சொன்னா, அடுத்த வருஷம் பாப்போம் என்ன. அடுத்த வருஷம் பிரிசிக்கு வயது தாண்டிவிடும் என்று இவளுக்குத் தெரியாதா. தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, மகள் அவளிடம் சொல்லியிருக்கிறாளா இல்லையா, இதை நான் எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாயிற்று, ரெண்டு பக்கமும் கருகிவிட்டது, இன்னும் வேகவில்லை. முதலில் சிலுவையே போடக்கூடாது என்று நினைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவது, திரும்பிப் போகட்டும், போகிற வழியெல்லாம் நெற்றி குறுகுறுக்கட்டும். அது சின்னப் பிள்ளைத்தனம். பிறகு, மெட்டில்டா முன்னால் கேட்பது என்று நினைத்தேன், ஆனால் மெட்டில்டா அழுவாள், அழுகிறவள்தான் ஜெயிப்பாள், அதைக் கான்வென்ட்டிலேயே பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தேன். சிலுவை போடும்போது குனிந்து காதோடு, போய்ட்டு வா பத்தொன்பது. அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் எங்கே பாய்ந்தாலும் என் குரல் அவளுக்கு முன்னால் பாயும், கோவாவில் பாயும், அந்த வெளிநாட்டில் பாயும், பந்து வலைக்குள் போய் விழும். போட்டியில் மூன்று, நான்கு, தொலைக்காட்சிக்காரன் ஐயோ என்பான். நான் இங்கே காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் பிரிசி பார்த்துக்கொண்டிருப்பாளே, என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோலுக்கும், நான் இருந்திருந்தால் என்று. இந்த இடத்தில் உரித்த இறாலையே மறுபடி எடுத்து உரிக்கிறேன். இப்போது அவள் கடற்கரைப் பக்கமே போவதில்லை, கையுறையைத் துவைத்துக் காயப்போட்டு பீரோ மேல் வைத்துவிட்டாள், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்கிறாள், பக்கம் திரும்புவதில்லை. ஆனால் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போவாளாம், அதற்குத்தான் இந்தக் குளியல். போய்க் கையை ஆட்டட்டும், ஊதல் ஒன்றும் வாங்கித் தருகிறேன், ஊதட்டும்.

ஆட்டோ வந்து நிற்கும் சத்தம். மெட்டில்டா இறங்கவில்லை, முட்டுவலி, ஆட்டோவுக்குள்ளிருந்தே கையைக் காட்டினாள், சிரித்தாள், நானும் வாசல்வரை போய்ச் சிரித்தேன், ரெண்டு பேருக்கும் பல் நல்ல பல். அக்சிலியா மட்டும் உள்ளே வந்தாள், நீல ட்ராக் சூட், புதுசு, மடிப்புக் கலையவில்லை, கையில் ஒரு பையும் இல்லை. என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தாள். நான் பலகையில் உட்கார்ந்தேன், எழுந்து கை கழுவவில்லை. ஞானம்மா, போய்ட்டு வாரேன் என்று முழங்கால் போட்டாள், சின்னதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடப் பழக்கியிருக்கிறாள் மெட்டில்டா. குனிந்த தலையில் வகிடு, எண்ணெய் வாசனை, காதுமடலில் நான் குத்திவிட்ட துளை, அதில் நான் போட்ட கம்மல் இல்லை, விளையாட்டுக்குக் கழற்றியிருப்பாள். நான் கட்டைவிரலை எடுத்தேன், இறால் நீர் சொட்டியது, நெற்றிக்குப் போனேன், வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, போய்ட்டு வா, அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. அழுகை இப்போது வந்ததல்ல, ராத்திரியே முடித்துவிட்டு வந்த கண். ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள். அன்னிக்கு மத்தியானம் ஆடினது நான் இல்ல ஞானம்மா, பிரிசி. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும். தூங்க முடியல. நேத்து அம்மாகிட்டச் சொன்னேன், அம்மாவுக்கு இதுவரைக்கும் தெரியாது, அம்மா ஒரு அறை விட்டாங்க, அப்புறம் அழுதாங்க, அப்புறம் போய்ச் சொல்லிருன்னாங்க. "நாளைக்குப் போய் இறங்கினதும் சார்கிட்டச் சொல்லிருதேன் ஞானம்மா. பிரிசியக் கூப்பிடுவாங்க. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

அந்தப் பிள்ளையே. இதற்குத்தானே ஒரு மாதமாக நான் கிடந்து தவித்தேன், இதோ வந்து காலடியில் முழங்கால் போட்டிருக்கிறது, சரி என்று ஒரு வார்த்தை, ரெண்டு எழுத்து. அப்போது எனக்குத் தெரிந்தது பிரிசி இல்லை, ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிற மெட்டில்டாதான் தெரிந்தாள். போய்ச் சொல்லிருன்னு சொன்ன மெட்டில்டா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கம் என் காதில் இப்போதே கேட்டது, உண்மைக்காக இந்திய அணியையே விட்டுக்கொடுத்த மகள், அவளை அப்படி வளர்த்த தாய், முன்வரிசையில் முக்காடு, ஃப்ளெக்ஸ் அப்படியே இருக்கும், வாசகம்தான் மாறும். என் பிள்ளை தன் பாய்ச்சலில் வாங்கின இடத்துக்கு மெட்டில்டா வீட்டுத் தர்மத்தில் போய் நிற்கும், காலத்துக்கும், அக்சிலியா விட்டுக்கொடுத்தாளே அந்தப் பிள்ளை என்று. கைக்குட்டையைத் திருடிக்கொண்டு போய் இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்து அதற்கும் கைதட்டு வாங்குவார்களாம். அது மட்டுமா, இவளுக்குத் தூக்கம் வந்துவிடும். சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரியே தூங்கிவிடுவாள், பிள்ளை. என் வாய் என்னைவிட எப்போதும் ஒரு அடி முன்னால் போகும், சிஸ்டர் முதல் யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள், இவர் கல்யாணமான அன்றிலிருந்து சொல்கிறார். விரல் அவள் நெற்றியில் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டது, இடமிருந்து வலம் ஒரு கோடு போட்டது, வாய் சொல்லிவிட்டது. "சொல்லாத. சொன்னா உனக்கு லேசாயிரும். சொல்லாமலே ஆடு." நல்ல தெளிவான குரல், செய்யுள் ஒப்பிக்கிற குரல். அவள் முகத்தைப் பார்த்தேன், பார்க்க வேண்டும் என்றுதானே ஒரு மாதமாக இருந்தேன். மடியில் வைத்திருந்த கை ரெண்டும் பந்தை நழுவவிட்ட மாதிரி வெறுமனே விரிந்து கிடந்தன. கீப்பரின் கை. ஆகா என்று இருந்தது எனக்கு, பொய் சொல்ல மாட்டேன், வெயிலில் வந்து மோர் குடித்த மாதிரி, தொண்டையிலிருந்து வயிறுவரைக்கும். அந்தக் குளிர்ச்சி அடிவயிற்றுக்குப் போய்ச் சேருவதற்குள் நான் தலையைத் தூக்கிவிட்டேன், அடுக்களை வாசலில் பிரிசி நின்றுகொண்டிருந்தாள்.

ஈரத் தலை, தோளில் துண்டு, வழியனுப்பப் போட்டுக்கொண்ட மஞ்சள் சுடிதார். எப்போதிலிருந்து நிற்கிறாள். அக்சிலியா எழுந்து அவளைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தாள், பிரிசி நகர்ந்து வழிவிட்டாள், அவ்வளவுதான், அக்சிலியா தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள், வெளியே மெட்டில்டா, என்னட்டி சொன்னா, சரின்னாளா என்று கேட்பது இங்கேவரைக்கும் கேட்டது, ஆட்டோ கிளம்பிவிட்டது. பிரிசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தால் எனக்குத் தெரியும், கோபத்துக்கு எனக்குப் பதில் உண்டு, எல்லாக் கோபத்துக்கும் பதில் வைத்திருக்கிறேன். அது கோபம் இல்லை, கணக்கு வாத்தியார் போட்ட கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிற பிள்ளையின் முகம். "அவ சொல்லிருதேன்னுதானம்மா சொன்னா?" என்று கேட்டாள். அவளுக்கு இதுவரைக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே தெரியாது, நான் போன் பண்ணினதும் தெரியாது, கைதட்டிவிட்டு வந்ததோடு அவளுக்கு எல்லாம் முடிந்திருந்தது, இப்போதுதான் முதல் தடவை ஒரு கதவு இருப்பதைப் பார்க்கிறாள், அதில் என் கை இருப்பதையும். நான் சொன்னேன், சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், உனக்கு ஒன்றும் தெரியாது, அவர்களைப் பற்றி உனக்குத் தெரியாது, யாரும் போடுகிற பிச்சையில் நீ போக வேண்டாம். அவள் கேட்டுக்கொண்டாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள், ஸ்டேஷனுக்குப் போகவில்லையா என்றேன், இல்லை என்று தலையை ஆட்டினாள், அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள், அறைந்து சாத்தவில்லை, சத்தம் வராமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாத்தினாள், வீட்டுக்கு வந்த வேற்று ஆள் சாத்துகிற மாதிரி. ராத்திரி வண்டி ஏறிவிடும், நாளைக்குக் கோவா. அக்சிலியா என்னைவிடத் தைரியசாலியாக இருந்தால் என் பேச்சைத் தட்டிவிட்டுச் சொல்லிவிடுவாள். கதவுக்குப் பின்னால் என் பிள்ளை அதற்காகத்தான் முழங்கால் போட்டிருப்பாள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அக்சிலியா சொல்ல வேண்டும் என்கிறேனா, சொல்லக்கூடாது என்கிறேனா, கேட்டுப் பார்க்கிறேன், கேட்டுப் பார்க்கிறேன், இன்னும் இந்த வயிறு அந்தக் குளிர்ச்சியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.